ஒரு தடவைதான் சொல்வேன்

"கதவைத் திறன்னா திற. அவ வரட்டும்..."

"வர முடியாது. கேள்வி எண்பத்தெட்டுல நீயே..."

"கேள்வியும் வேண்டாம், பதிலும் வேண்டாம்! என் வீடு, என் தங்கச்சி, நடுவுல நீ யாரு..."

"நீயே சொன்னதுதான் பொற்கொடி. மணிமொழி இந்த வாசப்படி ஏறக்கூடாது, அவ போன் வந்தா எடுக்கக்கூடாது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருக்கு."

"எப்பச் சொன்னேன்?"

"பத்து வருஷம் முன்னாடி. உனக்கு அறுபத்திநாலு வயசு."

"அப்ப அது அவ சொன்னது. நான் சொல்லல."

"அவதான் நான்," என்றது குரல். "நீயும் அவதான்."

பொற்கொடி காது மெஷினைப் பிடுங்கி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிட்டது. நல்லா வேணும் உனக்கு, பேசு இப்போ, என்று சுவரைப் பார்த்துச் சிரித்தாள். சமையலறை விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடியும் அணைந்து எரிந்தது. மூன்றாவது தடவை அணைந்தபோது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"என்னவாம்?"

"பால் பொங்கி வழிஞ்சுடுச்சு. அடுப்பை நான் அணைச்சுட்டேன். கீழே துடைச்சுட்டுக் காலை வை, வழுக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சிருந்தா வழிஞ்சிருக்காது."

குரல் அவளுடையதுதான். இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கனம், நிறைய அதட்டல். அரசு மருத்துவமனையின் மருந்து கவுண்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம். ஒரு தடவைதான் சொல்வேன், அடுத்த ஆளு!" என்று வரிசையை நகர்த்திய குரல். அதைச் சுவர்ப் பெட்டிக்குள் செய்து கொடுத்த நிறுவனம் வைத்த பெயர் முன்காப்பு. பொற்கொடி வைத்த பெயர் அறுபத்திநாலு.

பிள்ளைகள் இல்லை. கணவர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் எட்டாவது மாடியில் இந்த வீடு. பால்கனியில் நின்றால் ஏற்காட்டு மலை தெரியும். மேகம் இறங்கியிருந்தால் அதுவும் தெரியாது.

*

மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஷாஹிதா வருவாள். நிறுவனத்தின் பரிசோதகர். முப்பத்தைந்து வயதிருக்கும், செருப்பை வெளியில் விடும்போதே "அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறவள். ஐந்து சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வாள். கடிகாரம் வரையச் சொல்வாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வாள். கடைசியில் அந்த ஐந்து சொற்களைத் திரும்பக் கேட்பாள். மொத்தம் முப்பது மதிப்பெண்.

"இருபத்தொண்ணு," என்றாள் ஷாஹிதா.

"போன மாசம்?"

"அதே இருபத்தொண்ணு. நல்ல விஷயம்மா. குறையல."

"ஏறலியே."

"ஏறணும்னு ஒண்ணும் இல்லம்மா. குறையாம இருந்தாலே..."

"ஷாஹிதா, எனக்கு விளக்கமாச் சொல்லு. நான் சொன்ன பதிலை நான் மாத்தணும். என்ன செய்யணும்?"

ஷாஹிதா இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருப்பாள் போல. காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க அறுபத்திநாலு வயசுல நாற்பது நாள் உட்கார்ந்து நானூறு கேள்விக்குப் பதில் சொன்னீங்க. மறதி வந்தா வீட்டை என்ன செய்யறது, எந்த வைத்தியம் வேணும், எது வேண்டாம், யாரை உள்ளே விடணும், எல்லாம். நீங்க தெளிவா இருக்கிற வரைக்கும் இது வாயைத் திறக்காது. மதிப்பெண் இருபத்திரண்டுக்குக் கீழே போச்சுன்னா பொறுப்பு இதுகிட்ட போயிடும். அப்புறம் நீங்க வேண்டாம்னாலும், நான் வேண்டாம்னாலும், அந்தப் பதில்தான் நடக்கும்."

"மாத்தறதுக்கு?"

"மறுபடியும் இருபத்திரண்டு எடுக்கணும். எடுத்தா அந்த மாசம் முழுக்க நீங்கதான் பொறுப்பு. எதையும் மாத்தலாம். எதைக் கேட்டாலும் இது பதில் சொல்லியாகணும்."

"ஒரு மார்க்கா!" என்றாள் பொற்கொடி. "ஒரு மார்க்குக்காக என் தங்கச்சி திருச்சியில உட்கார்ந்திருக்கா."

ஷாஹிதா சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இந்த மாதிரி ஒண்ணை எதுக்கும்மா செஞ்சீங்க? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"எதுக்குன்னு..." பொற்கொடி யோசித்தாள். காரணம் அலமாரியில் இருந்தது, அலமாரிச் சாவி எங்கே என்று தெரியவில்லை, அந்த மாதிரி இருந்தது. "நீயே சொல்லு," என்றாள் சுவரைப் பார்த்து.

அறுபத்திநாலு சொன்னது. "அம்மாவுக்கு மறதி. ஒன்பது வருஷம். தங்கச்சி மணி வீட்டுலதான் இருந்தாங்க. கடைசியில சாப்பாடு இறங்கல. மூக்குல டியூப் போட மணி கையெழுத்துப் போட்டா. வேண்டாம், விட்டுடுன்னு நான் சொன்னேன். அம்மா டியூபைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டதால ரெண்டு கையையும் கட்டிலோட கட்டினாங்க. அப்படியே பதினாலு மாசம். காரியம் முடிஞ்ச அன்னைக்கு நான் மணியைப் பார்த்து, 'என் கட்டில் பக்கம் நீ வந்துடாதே'ன்னேன். அவ, 'அம்மாவைச் சாக விடச் சொன்னவ நீ'ன்னா. அடுத்த வாரம் இந்த நிறுவனத்துக்குப் போன் பண்ணினேன். எனக்காக எந்த மணியும் கையெழுத்துப் போடக்கூடாதுன்னுதான்."

பொற்கொடி கவனமாகக் கேட்டாள், அடுத்த வீட்டுக் கதையைக் கேட்கிற மாதிரி.

"இதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல," என்றாள். "மறந்துபோச்சுன்னா சண்டை தீர்ந்துபோச்சுன்னுதானே அர்த்தம்?"

"மறக்கிறது மன்னிக்கிறது ஆகாது," என்றது அறுபத்திநாலு.

"உனக்கு ஆகாது. எனக்கு ஆகும்."

ஷாஹிதா இரண்டு குரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

பொற்கொடியின் மேஜை டிராயரில் ஒரு கட்டு மாத்திரைக் கவர்கள் இருந்தன. சூரியனும் நிலாவும் அச்சடித்த பழைய காகிதக் கவர்கள், வேலையிலிருந்து வரும்போது கொண்டுவந்தவை. எழுதி வைத்தால் மறக்காது என்று அவற்றில்தான் எழுதுவாள். அன்று சாயங்காலம் ஒன்றை எடுத்து, 'மணியைக் கூப்பிடு' என்று எழுதி உள்ளே வைக்கப் போனாள். உள்ளே ஏற்கெனவே 'மணியைக் கூப்பிடு' என்று ஒரு கவர் இருந்தது. அதன் கீழே இன்னொன்று. பிரித்துப் பரப்பினாள். எல்லாம் அவள் கையெழுத்து. சிலது நேராக, சிலது கோணலாக.

"இத்தனை தடவையா எழுதினேன்?"

"நாற்பத்தேழு."

"அப்படின்னா எவ்வளவு வேணும்னு இருந்திருக்கு எனக்கு! உனக்குப் புரியலையா?"

"இது ஒரு மாசத்துக்குள்ள நீ என்னைக் கேட்கிற பதினோராவது தடவை. புரியாமயா இருக்கும்?"

"அப்ப எனக்கு உதவி செய். இருபத்திரண்டு வாங்க வை."

"நீ நல்லா இருக்கணும்கிறது என் முதல் பதில். கேள்வி ஒண்ணு," என்றது பெட்டி. "காலையில ஆறு மணிக்கு எழுப்புவேன். முனகக்கூடாது."

"முனகுவேன்."

"தெரியும்."

அப்படித் தொடங்கியது அந்த மாதம். காலையில் நாற்பது நிமிஷம் எட்டாவது மாடி வராந்தாவில் நடை. பதினான்கு கதவுகள், எல்லாம் சாத்தியவை. ஒரு கதவுக்குப் பின்னால், "நான் காப்பி குடிப்பேன், நீ யாருடா தடுக்க?" என்று ஒரு கிழவர் கத்துவார். அதே தொண்டையில், கொஞ்சம் வலுவாக, "சர்க்கரை இருநூத்தி நாற்பது" என்று பதில் வரும். அடுத்த கதவுக்குப் பின்னால் ஒரு பெண் தன்னிடமே கெஞ்சிக்கொண்டிருப்பாள். முதலில் பொற்கொடிக்கு இது வேடிக்கையாக இருந்தது. பத்து நாள் நடந்தபின் ஒன்று உறைத்தது. இந்த மாடியில் எல்லா வீட்டிலும் இரண்டு குரல் கேட்கிறது, எந்த வீட்டிலும் இரண்டு பேர் இல்லை.

"யாராவது ஒருத்தர் கதவைத் தட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

"தட்டு. அவங்க முன்காப்பு விட்டா திறப்பாங்க."

ஒரு கதவைத் தட்டினாள். "உங்கள் பெயர் பட்டியலில் இல்லை," என்று உள்ளிருந்து ஒரு கம்பீரமான ஆண் குரல் சொன்னது. அதற்குப் பின்னால், "யாரு? யாரு வந்திருக்கா?" என்று அதே குரல், நைந்துபோய். பொற்கொடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்தாள்.

நடை முடிந்ததும் ரத்த அழுத்த மாத்திரை. ஒன்பது மணிக்கு மலையாள எழுத்து, புதிதாக ஒன்று கற்றால் மூளைக்கு நல்லது என்று அறுபத்திநாலு பிடித்த பிடிவாதம். பகலில் கழித்தல்.

"நூறு?"

"தொண்ணூத்து மூணு. எண்பத்தாறு. எழுபத்தொன்பது. எழுபத்து..."

"ம்."

"ம்னு சொல்லாதே, குழப்புது. எழுபத்திரண்டு."

"சரி."

"சரியா? நிஜமாவா? மணி இருந்தா கைதட்டியிருப்பா. கணக்குல நான் அவளைவிட மட்டம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா?"

"அவ போன்ல பேசறதுக்கு முன்னாடி தொண்டையைக் கனைப்பா. 'ஹலோ'வுக்கு முன்னாடி ஒரு 'க்ஹும்'. மேடையில பேசப் போற மாதிரி. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றது அறுபத்திநாலு. அதன் பிறகு அன்று முழுக்க அது ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரை நேரத்தை மட்டும் சொன்னது.

*

அடுத்த மாதத்தின் முதல் திங்கள். ரயில், மஞ்சள், சாவி, ஆறு, தச்சர். பொற்கொடி புடவைத் தலைப்பை விரலில் ஐந்து சுற்று சுற்றிக்கொண்டாள். கடிகாரத்தில் பதினொன்று பத்து காட்டச் சொன்னாள் ஷாஹிதா. சின்ன முள் சரியான இடத்தில்தான் போய் நின்றது. கழித்தலில் ஒன்று தப்பியது. தேதி சரி. கடைசியில் ஷாஹிதா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்த அஞ்சு?" என்றாள்.

"ரயில். சாவி. மஞ்சள்." தலைப்பின் ஒரு சுற்றைப் பிரித்தாள். "ஆறு."

ஷாஹிதா காத்திருந்தாள். பெட்டியும் காத்திருந்தது.

"மரவேலை செய்வானே... எங்க வீட்டுக் கதவுக்குக்கூட... தச்சர்!"

ஷாஹிதா இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள். "இருபத்திரண்டு," என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். "அம்மா, இருபத்திரண்டு! இந்த வேலையில நான் இதைப் பார்த்ததே இல்ல. எல்லாரும் கீழேதான் போவாங்க."

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது," என்றது அறுபத்திநாலு. அதட்டல் இல்லாத குரல்.

"இன்னைக்கே மணியை வரச் சொல்லப் போறேன். மதியத்துக்குள்ள திருச்சியிலிருந்து வந்துடலாம்ல? நீயும் இருந்து பார்த்துட்டுப் போயேன். அவ உன்னையும் சிரிக்க வைப்பா," என்றாள் பொற்கொடி ஷாஹிதாவிடம்.

ஷாஹிதாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. பேனாவைப் பையில் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள்.

"உட்கார்ந்துட்டுப் பேசுங்கம்மா," என்றாள். "நின்னுக்கிட்டுப் பேச வேண்டாம்." வாசலில் செருப்பு மாட்ட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

கதவு சாத்திய பிறகு பொற்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மணிக்குப் போன் போடு."

"அந்த நம்பர் இப்ப வேற யாருக்கோ போயிடுச்சு."

"மாத்திட்டாளா? புது நம்பர் போடு."

பொற்கொடி நாற்காலியைப் பெட்டிப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"பச்சை விளக்கு எரியுதுல்ல? நான் கேட்டா நீ சொல்லணும். மணி எங்கே?"

"சொல்லியாச்சு பொற்கொடி."

"எப்ப? என்ன சொன்னே?"

"கேள்வி நூத்தி முப்பத்தொண்ணு. நீ சொன்னதை அப்படியே போடறேன், கேளு."

பெட்டிக்குள்ளிருந்து ஒரு மின்விசிறிச் சத்தம் வந்தது, பத்து வருஷத்துக்கு முந்தைய மின்விசிறி. அறிமுகமில்லாத ஒரு பையனின் குரல் வாசித்தது: 'உங்களுக்கு வேண்டியவர் இறந்துவிட்டால், நீங்கள் அதை மறந்துவிட்டால், எத்தனை முறை உங்களுக்குச் சொல்ல வேண்டும்?' அவளுடைய சிரிப்பு கேட்டது. "ஒரு தடவை சொன்னாப் போதும்ப்பா. முப்பத்தோரு வருஷம் எல்லாருக்கும் ஒரு தடவைதான் சொல்லியிருக்கேன். எனக்கு மட்டும் என்ன தனியா? அடுத்த கேள்வி."

மின்விசிறிச் சத்தம் நின்றது.

பொற்கொடி மேஜையில் இருந்த ஒரு மாத்திரைக் கவரை எடுத்து, அதன் மடிப்பை நகத்தால் நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள்.

"எப்ப?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. ஐப்பசியில. கணையத்துல புத்துநோய். அவ பையன் சொல்லி அனுப்பினான். அன்னைக்கே உனக்குச் சொன்னேன். ரெண்டு மணி வரைக்கும் அழுதே. அப்புறம் ரசம் வெச்சே. மறுநாள் காலையில மணிக்குப் போன் போடுன்னே."

"நீ என்ன சொன்னே?"

"ஒரு தடவை சொல்லியாச்சு. அதுக்கு மேல சொல்ல எனக்கு உத்தரவு இல்ல. சண்டையைச் சொன்னேன்."

"பொய்."

"சண்டை நிஜம்தான். அதுல ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கல."

"ரெண்டு வருஷமா செத்துப்போனவ மேல என்னைக் கோவமா இருக்க வெச்சிருக்கே."

"கோவத்தை ஒரு மணி நேரத்துல மறந்துடுவே. அழுகைன்னா ஓயற வரைக்கும் சாப்பிட மாட்டே. எது உனக்கு நல்லதுன்னு..."

"கவுண்டர்ல ஒரு ஆளு வருவாரு," என்றாள் பொற்கொடி. "காது கேக்காது. ஒவ்வொரு தடவையும் 'ராத்திரி எத்தனைம்மா?'ன்னு திரும்பக் கேப்பாரு. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன். அவர் வெளியே போய், யாராவது படிச்சுச் சொல்ல மாட்டாங்களான்னு கவரைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பாரு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு எல்லாம் போச்சு. அது மட்டும் ஏன் போகலைன்னு தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதிலை மாத்தறேன். எழுதிக்கோ. நான் கேக்கிற ஒவ்வொரு தடவையும் சொல்லணும்."

"தினமும் கேப்பே. தினமும் புதுசாச் செத்தமாதிரி இருக்கும் உனக்கு."

"இருக்கட்டும். தினமும் அழுதுட்டுப் போறேன். அவ மேல கோவமா மட்டும் என்னை வெச்சிருக்காதே. எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

வெளியே மேகம் இறங்கி மலையை மூடிக்கொண்டிருந்தது. வராந்தாவில் அந்தக் கிழவர் காப்பிக்காகக் கத்தத் தொடங்கினார்.

"அவ எனக்கும் தங்கச்சிதான்," என்றது அறுபத்திநாலு. "நீ அழுதே, மறந்துட்டே. எனக்கு மறக்கத் தெரியாது. அதைச் சொல்லிக்க இங்க உன்னை விட்டா யாரும் இல்ல. உனக்கோ சொல்லக்கூடாது."

பொற்கொடி எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் அதன் மேல் கையை வைத்தாள். லேசான சூடு. வேறு ஒன்றும் இல்லை. கை வைத்தபடியே ஒன்று நினைவுக்கு வந்தது. காலையில் சொன்னதா, போன மாதம் சொன்னதா தெரியவில்லை, ஆனால் அவளுடைய பதில்தான்.

"அவ போன் வந்தா எடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன், இல்ல?"

"கேள்வி எண்பத்தெட்டு."

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா."

பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பொற்கொடி காது மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். மாட்டித்தான் இருந்தது.

"எத்தனை தடவை கூப்பிட்டா, அறுபத்திநாலு?"